'மோசம்' என்று மார்க் வாங்கிய பிறகும் வண்டி ஓடும் பாலங்கள்: பழைய பாலத்தின் உறுதியை எப்படிக் கணிக்கிறார்கள்?

2025 ஜூலை 9-ம் தேதி, காலை நேரம். குஜராத்தின் வதோதரா, ஆனந்த் மாவட்டங்களை இணைக்கும் கம்பீரா பாலத்தில் வழக்கம்போல லாரிகளும் வேன்களும் போய்க்கொண்டிருந்தன. திடீரென இரண்டு தூண்களுக்கு நடுவே இருந்த ஒரு கண் மொத்தமாகப் பெயர்ந்து மஹிசாகர் ஆற்றில் விழுந்தது. அதன் மேல் இருந்த வாகனங்களும் சேர்ந்தே விழுந்தன. குறைந்தது 20 பேர் உயிரிழந்தனர். உடைந்த விளிம்பில் ஒரு டேங்கர் லாரி சிக்கி நின்ற காட்சியை நாடே டிவியில் பார்த்தது.

விபத்துக்குப் பிறகு வெளிவந்த தகவல்கள் இன்னும் கவலை தருபவை. 1985-ல் கட்டப்பட்ட இந்தப் பாலத்தில் தேவைப்படும்போதெல்லாம் பராமரிப்பு நடந்தது என்றது மாநில அரசு. பாலம் ஆபத்தான நிலையில் இருப்பதாக உள்ளூர் மக்கள் பிரதிநிதி ஒருவர் 2022-லேயே அதிகாரிகளுக்கு எழுதியிருந்தார் என்று செய்திகள் வந்தன. பக்கத்திலேயே புதிய பாலம் கட்ட 212 கோடி ரூபாய்க்கு ஒப்புதலும் கிடைத்திருந்தது. மாற்றுப் பாலம் வேண்டும் என்பது அரசுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் பழைய பாலத்தில் போக்குவரத்து நிற்கவில்லை. விபத்துக்கு மறுநாள் 4 பொறியாளர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டனர்.

பாலம் விழுந்தால் உடனே எழும் கேள்வி, "யாரும் செக் பண்ணவே இல்லையா?" என்பதுதான். ஆனால் உலகெங்கும் இடிந்து விழுந்த பெரிய பாலங்களில் பலவற்றை முறைப்படி ஆய்வு செய்திருக்கிறார்கள். மார்க் கூடப் போட்டிருக்கிறார்கள். பிறகு எங்கே கோட்டை விட்டார்கள்?

பாலத்தில் என்னவெல்லாம் பார்ப்பார்கள்?

ஆய்வுக்கு வரும் பொறியாளர் பாலத்தை மூன்று பாகங்களாகப் பிரித்துக்கொள்கிறார். வண்டி ஓடும் தளம் ஒன்று. அந்தத் தளத்தைத் தாங்கும் உத்திரங்கள், வளைவுகள் அடங்கிய மேற்கட்டுமானம் இரண்டாவது. தூண்கள், அடித்தளம், இரு கரையிலும் உள்ள தாங்குசுவர்கள் சேர்ந்த கீழ்க்கட்டுமானம் மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுத வேண்டும்.

முதல் கருவி கண். அடுத்தது சுத்தியல். கான்கிரீட்டைத் தட்டினால் 'டங்' என்று கெட்டியான சத்தம் வர வேண்டும். 'டொக்' என்று பொத்தலான சத்தம் வந்தால், உள்ளே கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். வெளியே பார்த்தால் சுவர் நன்றாகவே இருக்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிக்கொண்டிருக்கும்.

தளத்துக்கும் தூணுக்கும் நடுவே இருக்கும் பேரிங்குகள் ரொம்ப முக்கியம். வெயிலில் பாலம் நீளும், குளிரில் சுருங்கும். வண்டி போகும்போது லேசாக வளையும். அந்த அசைவுக்கு இடம் கொடுப்பவை பேரிங்குகள்தான். அவை இறுகிப் போனால், அசைய வழியில்லாத பாலம் தன் தூணையே தள்ள ஆரம்பிக்கும். வண்டி போகும்போது 'தடக் தடக்' என்று சத்தம் வருமே, அந்த இடத்தில் இருப்பவை எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டுகள். அவை கிழிந்தால் மழைத் தண்ணீர் நேராக பேரிங் மேலும் தூணின் தலை மேலும் இறங்கும். தளத்தின் வடிகால் துளைகளில் குப்பை அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். பாலத்துக்கு முதல் எதிரி, தேங்கும் தண்ணீர்.

கம்பீராவில் தூணின் தலைப்பகுதியில் உள்ள பீடமும், பாலத்தின் இரு பகுதிகள் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் இணைப்பும் நொறுங்கியதே முதற்கட்டமாகத் தெரியவந்த காரணம் என்று குஜராத் அரசு கூறியது. இந்த வகை இணைப்பில் ஒரு பகுதியின் முனை, அடுத்த பகுதியின் உதட்டில் உட்கார்ந்திருக்கும். நடுவில் இருக்கும் இடைவெளி மிகக் குறுகலானது. மேலே ஜாயின்ட் வழியாகத் தண்ணீர் இறங்கும், ஆனால் உள்ளே எட்டிப் பார்ப்பது கஷ்டம். அதனால்தான் இப்படிப்பட்ட பழைய பாலங்களைப் பல நாடுகளில் தனிக் கவனத்துடன் பார்க்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்க வேறு கருவிகள் உண்டு. கான்கிரீட்டுக்குள் ஒலி அலையை அனுப்பி அதன் வேகத்தை அளப்பது ஒரு முறை. கம்பி எந்த அளவு துருப்பிடிக்கும் நிலையில் இருக்கிறது என்பதை மின் அழுத்தத்தை வைத்துக் கணிப்பது இன்னொரு முறை. எடை தெரிந்த லாரிகளைப் பாலத்தின் மேல் நிறுத்தி, எவ்வளவு வளைகிறது, எடையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பதும் உண்டு. ஆனால் இவை எல்லாப் பாலங்களுக்கும் செய்யப்படுவதில்லை. முதலில் கண்ணால் பார்த்து, சந்தேகம் வந்தால்தான் அடுத்த கட்டம்.

0 முதல் 9 வரை: எந்த மார்க்குக்கு என்ன அர்த்தம்?

ஆய்வு முடிந்ததும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எண் தரப்படும். அமெரிக்கா பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தும் 0 முதல் 9 வரையிலான அளவுகோல் உலக அளவில் நன்கு அறியப்பட்டது. சுருக்கமாக அது இப்படி இருக்கும்:

• 9: புதிதுபோல, குறையே இல்லை
• 7, 8: நல்ல நிலை, சிறு குறைகள் மட்டும்
• 5, 6: சுமார், தேய்மானம் தெரிகிறது, ஆனால் முக்கிய உறுப்புகள் உறுதியாக உள்ளன
• 4: மோசம், துரு, விரிசல், அரிப்பு முற்றியிருக்கிறது
• 3: தீவிரம், முக்கிய உறுப்புகளே பாதிக்கப்பட்டுள்ளன
• 2: அபாயம், தொடர்ந்து கண்காணிக்காவிட்டால் மூட வேண்டி வரலாம்
• 1: விழும் தறுவாய், போக்குவரத்தை நிறுத்தியாக வேண்டும்
• 0: இனி பயன்படாது

மூன்று பாகங்களில் எது குறைவோ அதுதான் பாலத்தின் நிலை. தளம் 7, மேற்கட்டுமானம் 6, தூண் 4 என்று வந்தால் அந்தப் பாலம் 'மோசம்' பட்டியலில் சேரும். அமெரிக்காவில் உள்ள 6 லட்சத்துக்கும் அதிகமான பாலங்களில் 40,000-க்கும் மேல் இந்தப் பட்டியலில் இருக்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். 'மோசம்' என்றால் நாளைக்கே விழும் என்று பொருள் இல்லை. அந்த எண் சொல்வது பாலத்தின் இன்றைய உடல்நிலையை. அது எவ்வளவு எடை தாங்கும் என்பது தனிக் கணக்கு. அதற்குப் பாலத்தின் வரைபடத்தை எடுத்து, துருவில் கரைந்துபோன இரும்பைக் கழித்து, தளத்தின் சொந்த எடையைச் சேர்த்து, மிச்சம் எவ்வளவு பளுவுக்கு இடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாலத்தின் முகப்பில் '10 டன்னுக்கு மேல் அனுமதி இல்லை' என்பதுபோல ஒரு போர்டு இருந்தால், அது இந்தக் கணக்கிலிருந்து வந்த எண்.

உடல்நிலை மார்க், பளுக் கணக்கு ஆகிய இரண்டும் சரியாக இருந்து, இரண்டையும் பார்த்து ஒருவர் முடிவெடுத்தால்தான் பாலம் பத்திரம். இதில் ஒவ்வொன்றும் எப்படித் தவறிப்போகும் என்பதற்கு ஒரு பாலத்தின் கதை போதும். ஆய்வறிக்கைகள் முழுமையாக அலசப்பட்டு, தவறு எங்கே என்று பொதுவெளியில் சொல்லப்பட்ட கதை அது.

பிட்ஸ்பர்க்: எல்லா அறிக்கையும் இருந்தது

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பிட்ஸ்பர்க் நகரில், ஃபிரிக் பூங்காவின் பள்ளத்தாக்கைக் கடக்கும் ஃபெர்ன் ஹாலோ பாலம் 1970-களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. 2022 ஜனவரி 28-ம் தேதி அதிகாலை அது மொத்தமாகக் கீழே விழுந்தது. அப்போது பாலத்தின் மேல் ஒரு நீளமான நகரப் பேருந்தும் சில கார்களும் இருந்தன. சிலர் காயமடைந்தனர், யாரும் உயிரிழக்கவில்லை. உள்கட்டமைப்பு குறித்துப் பேச அதிபர் ஜோ பைடன் அன்றுதான் அந்த நகருக்கு வர இருந்தார். வந்தவர் இடிபாட்டையும் பார்த்துவிட்டுப் போனார்.

இந்தப் பாலம் 2011 முதலே 'மோசம்' என்ற மதிப்பீட்டில் இருந்தது. ஆய்வுகள் குறித்த காலத்தில் நடந்தன. வடிகால் அடைத்திருக்கிறது, கால்களின் அடியில் குப்பையும் ஈரமும் சேர்ந்திருக்கிறது, இரும்பு கரைகிறது, பழுது பார்க்க வேண்டும் என்று அறிக்கைகள் திரும்பத் திரும்ப எழுதின. பூங்காவுக்கு வந்த ஒருவர், பாலத்தின் அடியில் குறுக்குக் கம்பி ஒன்று துருப்பிடித்து அற்றுப்போயிருப்பதைப் படம் எடுத்து 2018-ல் சமூக வலைதளத்தில் போட்டார். அந்தக் கம்பி மட்டும் அகற்றப்பட்டது.

இதில் ஒரு தொழில்நுட்ப விஷயம் இருக்கிறது. அந்தப் பாலம் பெயின்ட் தேவைப்படாத ஒரு சிறப்பு எஃகால் கட்டப்பட்டது. அதன் மேல் முதலில் படியும் துருவே கவசமாக மாறி, உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கும். ஆனால் நனைந்தால் காய வேண்டும் என்பது நிபந்தனை. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு கலந்த தண்ணீரும், இலைக் குப்பையும் காலடியிலேயே தேங்கி நின்றால் கவசம் உருவாகாது. துரு உள்ளே தின்றுகொண்டே போகும். பாலத்தைச் சாய்த்ததில் அடைபட்ட வடிகாலுக்கும் பங்கு உண்டு. அதைச் சுத்தம் செய்ய ஆகும் செலவையும், புதிய பாலத்துக்கு ஆன சுமார் 2.5 கோடி டாலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இரண்டு ஆண்டுகள் விசாரித்து 2024-ல் முடிவைச் சொன்னது. ஒரு காலில் இருந்த இணைப்புத் தகடு துருவால் உடைந்ததே விபத்தின் தொடக்கம். பராமரிப்புப் பரிந்துரைகள் மீது நகர நிர்வாகம் தொடர்ந்து நடவடிக்கை எடுக்கத் தவறியதே அந்தத் துருவுக்குக் காரணம். ஆய்வுகளின் தரமும் போதாது, மாநில அரசின் மேற்பார்வையும் போதாது என்றும் வாரியம் குறிப்பிட்டது.

பளுக் கணக்கும் தப்பாக இருந்தது. தளத்தின் மேல் போடப்பட்ட தார் அடுக்கு, கணக்கில் எடுத்துக்கொண்டதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு கனமாக இருந்தது. மேலே மேலே தார் போட்டதில் பாலம் சுமந்த எடை கூடியிருந்தது, காகிதத்தில் கூடவில்லை. கால்களின் வலிமையும் உள்ளதைவிட அதிகமாகக் கணக்கிடப்பட்டிருந்தது. பாலத்துக்கு 26 டன் என்று வரம்பு வைத்திருந்தார்கள். கணக்கைச் சரியாகப் போட்டிருந்தால் பாலத்தையே மூடியிருக்க வேண்டும் என்பதுதான் விசாரணையின் முடிவு.

கண் பார்வைக்கு உள்ள எல்லை

ஒரே பாலத்தைப் பார்க்கும் இரண்டு பேர் ஒரே மார்க் போடுவார்களா? அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகம் இதைச் சோதித்துப் பார்த்தது. 49 அனுபவமிக்க ஆய்வாளர்களை ஒரே பாலங்களுக்கு அனுப்பி, 2001-ல் முடிவை வெளியிட்டது. ஒரே பாகத்துக்கு அவர்கள் நாலைந்து விதமான மார்க் போட்டிருந்தார்கள். பெரும்பாலான மார்க்குகள் சராசரியிலிருந்து மேலோ கீழோ இரண்டு புள்ளிக்குள் சிதறியிருந்தன. ஒருவர் 6 என்று 'சுமார்' பட்டியலில் வைக்கும் பாலம், இன்னொருவர் கையில் 4 ஆகி 'மோசம்' பட்டியலுக்குப் போகலாம்.

சில குறைகள் எவ்வளவு நல்ல கண்ணுக்கும் தெரியாது. இத்தாலியின் ஜெனோவா நகரில் 2018 ஆகஸ்ட் 14-ம் தேதி 43 பேரைப் பலிகொண்ட மொராண்டி பாலத்தின் இழுவைக் கம்பிகள் கான்கிரீட் உறைக்குள் இருந்தன. உள்ளே துரு தின்றது வெளியே தெரியவில்லை.

அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேல் இருந்த ஐ-35டபிள்யூ பாலம் 2007 ஆகஸ்ட் 1-ம் தேதி விழுந்து 13 பேர் இறந்தது இன்னொரு வகை. அங்கே உத்திரங்களை இணைக்கும் தகடுகள் 1960-களில் வரைந்தபோதே தேவையானதில் பாதி தடிமனோடு வரையப்பட்டிருந்தன. நாற்பது ஆண்டுகளாக ஆய்வுக்கு வந்தவர்கள் துருவையும் விரிசலையும் தேடினார்கள். தகடு மெலிந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தத் தகடுகள் லேசாக வளைந்திருப்பது 2003-ல் எடுத்த புகைப்படங்களிலேயே தெரிந்ததாக விசாரணையில் பிறகு கண்டறியப்பட்டது. பழுது வேலைக்காகக் குவித்த மணலும் ஜல்லியும் இயந்திரங்களும் ஏறியதும் பாலம் தாங்கவில்லை.

ஆற்றுப் பாலங்களுக்கு இன்னொரு ஆபத்து தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. வெள்ளம் தூணைச் சுற்றிச் சுழலும்போது அடித்தள மண்ணைத் தோண்டி எடுத்துவிடும். மேலே தளம் பளபளவென்று இருக்கும், கீழே தூணுக்குப் பிடிமானம் இருக்காது. மணல் அள்ளப்பட்டு ஆற்றுப் படுகை தாழ்ந்த இடங்களில் இந்த ஆபத்து கூடுதல். பொதுவாகப் பாலங்களின் சரிவுக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இந்த அரிப்புதான்.

விபத்துகள் எழுதிய விதிகள்

பால ஆய்வு விதிகளில் பல, ஒவ்வொரு விபத்துக்குப் பிறகு வந்தவை. 1967 டிசம்பர் 15-ம் தேதி ஒஹாயோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம் மாலை நேர நெரிசலில் விழுந்து 46 பேர் இறந்தனர். பாலத்தைத் தாங்கிய ஒரு இரும்புப் பட்டையில், சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழமுள்ள விரிசல் இருந்ததே காரணம். அது ஒன்று உடைந்ததும் சுமையை ஏற்க வேறு உறுப்பு இல்லை. அதன் பிறகுதான் அமெரிக்கா 1971-ல் தேசிய அளவிலான பால ஆய்வு விதிகளைக் கொண்டுவந்தது. பொதுவாக 24 மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வு என்பது அதில் வந்ததுதான்.

1983-ல் கனெக்டிகட்டில் மயானஸ் ஆற்றுப் பாலம் விழுந்தது. 'இது ஒன்று போனால் எல்லாம் போகும்' என்ற வகை உறுப்புகளைக் கை தொடும் தூரத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற நடைமுறை வலுப்பெற்றது. 1987-ல் நியூயார்க் மாநிலத்தில் ஷோஹாரி ஓடைப் பாலம் வெள்ளத்தில் விழுந்து 10 பேர் இறந்தனர். அதன் பிறகு தண்ணீருக்கு அடியில் உள்ள அடித்தளத்தையும் பார்ப்பது கட்டாயமானது.

இந்தியாவில் என்ன நடைமுறை?

இந்தியாவில் பால ஆய்வுக்கும் பராமரிப்புக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறை 1990-லேயே இருக்கிறது. பொதுவாக ஐஆர்சி எஸ்பி 35 என்று பொறியாளர்கள் சொல்லும் இது 2015-ல் திருத்தப்பட்டது. வழக்கமான ஆய்வு, அருகில் சென்று செய்யும் விரிவான ஆய்வு, வெள்ளம், விபத்து போன்ற சம்பவத்துக்குப் பிறகு செய்யும் சிறப்பு ஆய்வு என்று இதில் வகைகள் உண்டு. பருவமழைக்கு முன்பும் பின்பும் பாலங்களைப் பார்ப்பது நெடுஞ்சாலைத் துறைகளின் நடைமுறை.

ஆனால் நாட்டில் மொத்தம் எத்தனை பாலங்கள், ஒவ்வொன்றின் வயது என்ன, நிலை என்ன என்ற ஒருங்கிணைந்த கணக்கே நீண்ட காலம் இல்லை. 2016-ல் தான் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்தியப் பால மேலாண்மை அமைப்பைத் தொடங்கியது. தேசிய நெடுஞ்சாலைகளில் உள்ள 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகமான கட்டுமானங்கள் அதில் பதிவாகின. இவற்றில் பெரும்பாலானவை சிறு கல்வெர்ட்டுகள். ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண், கட்டுமான நிலைக்கு ஒரு மதிப்பீடு, அந்தப் பாலத்தை நம்பி எவ்வளவு மக்களும் வியாபாரமும் இருக்கிறது என்பதற்கு ஒரு மதிப்பீடு என்று வகுத்தார்கள். இரண்டாவது மதிப்பீடு முக்கியமானது. ஒரே அளவு பழுதான இரண்டு பாலங்களில் எதை முதலில் சரிசெய்வது என்பதை அது சொல்லும்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 2-ம் தேதி இரவுதான் மும்பை-கோவா நெடுஞ்சாலையில் மஹாட் அருகே சாவித்திரி ஆற்றின் மேல் இருந்த ஆங்கிலேயர் காலத்துக் கல் பாலம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. இரண்டு அரசுப் பேருந்துகளும் மற்ற வாகனங்களும் இருட்டில் பாலம் இல்லாத இடத்தில் ஆற்றுக்குள் விழுந்தன. மே மாதம் நடந்த ஆய்வில் பாலத்துக்கு ஆபத்து இல்லை என்று சொல்லப்பட்டிருந்தது.

பெரிய இடைவெளி மாநில, மாவட்டச் சாலைகளில்தான் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைக்குக் கிடைக்கும் பணமும் ஆட்களும் கருவிகளும் அங்கே கிடைப்பதில்லை. கம்பீரா பாலமும் மாநில அரசின் சாலைகள் மற்றும் கட்டடங்கள் துறையின் பொறுப்பில் இருந்ததுதான். பல இடங்களில் ஆய்வு செய்பவரும், பராமரிப்புக்குப் பொறுப்பானவரும் ஒரே அலுவலகத்தில் இருக்கிறார்கள். பாலத்துக்குக் குறைந்த மார்க் போட்டால், தன் அலுவலகத்தின் வேலைக்கே குறைந்த மார்க் போட்டதுபோல ஆகிவிடும். வெளி ஆட்களை வைத்து சரிபார்க்க வேண்டும் என்ற கோரிக்கை எழுவது இதனால்தான்.

ஆய்வு அறிக்கைகள் பொதுவெளியில் கிடைப்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்காவில் ஒருவர் தன் ஊர்ப் பாலத்துக்குக் கடைசியாக என்ன மார்க் கிடைத்தது என்று தேசியத் தரவுத் தொகுப்பில் பார்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் தினமும் ஒரு பாலத்தைக் கடப்பவருக்கு அதன் மார்க் என்ன என்று எளிதில் தெரிந்துகொள்ள வழியில்லை. பிட்ஸ்பர்க் பாலத்தின் மார்க் பொதுவெளியில் இருந்தும் அது காப்பாற்றப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் யார், எப்போது, எதைச் செய்யத் தவறினார்கள் என்று கேட்க அது வழி கொடுத்தது.

கொள்ளிடத்தில் என்ன நடந்தது?

சில்வர் பாலம், சாவித்திரி பாலம் ஆகிய இரண்டுமே 1928-ல் கட்டப்பட்டவை. அதே 1928-ல் திருச்சியிலும் ஒரு பாலம் கட்டப்பட்டது. திருவானைக்காவலையும் நம்பர் 1 டோல்கேட்டையும் இணைத்த கொள்ளிடம் பழைய இரும்புப் பாலம்தான் அது. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் கொள்ளிடத்தில் பெருக்கெடுத்தபோது அதன் தூண்கள் சரிந்து, சில கண்கள் ஆற்றில் விழுந்தன.

உயிரிழப்பு இல்லை. காரணம் எளிது. பக்கத்தில் புதிய பாலம் கட்டி 2016-ல் திறந்ததும் பழைய பாலத்தில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்தது. பாலத்தின் வயதும் வெள்ளமும் மற்ற இடங்களைப் போலத்தான் இருந்தன. வண்டி இல்லாததுதான் வித்தியாசம்.

ஆனால் பாலத்தை மூடுவது சொல்வதுபோல சுலபம் இல்லை. அதே திருச்சியில் 1976-ல் திறக்கப்பட்ட காவிரிப் பாலத்தை, ஜாயின்ட்டுகளையும் பேரிங்குகளையும் சரிசெய்ய 2022-ன் இறுதியில் மூடினார்கள். சில மாதங்களுக்கு ஸ்ரீரங்கத்துக்கும் நகருக்கும் இடையே போகிறவர்கள் சுற்றிப் போனார்கள். பள்ளிப் பிள்ளைகள், ஆம்புலன்ஸ், காய்கறி வண்டி என எல்லாருக்கும் அலைச்சல். 2023 மார்ச்சில் பாலம் திறந்தது.

பாலத்தை மூடும் அதிகாரி மறுநாளே திட்டு வாங்குவார். மூடாமல் விடும் அதிகாரி பெரும்பாலும் எதுவும் நடக்காமல் தப்பிவிடுவார், ஏனென்றால் 'மோசம்' என்ற பாலங்களில் பெரும்பாலானவை அந்த ஆண்டு விழுவதில்லை. இந்தச் சூதாட்டம் தோற்கும் ஒரே ஒரு நாளில்தான் கம்பீரா நடக்கிறது. மாற்று வழியை முன்கூட்டியே ஏற்பாடு செய்யாத ஊரில், எந்தப் பொறியாளருக்கும் மூடச் சொல்லும் தைரியம் வராது.

முழுதாக மூடுவது மட்டுமே வழி என்றும் இல்லை. கனரக வாகனங்களை மட்டும் நிறுத்தலாம். ஒரு வழியாக்கலாம், வேகத்தைக் குறைக்கலாம், தளத்தில் தேவையில்லாமல் ஏறிய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்து எடையைக் குறைக்கலாம், தற்காலிகத் தாங்கு அமைக்கலாம். எந்த மார்க்குக்குக் கீழே போனால், எத்தனை நாளில், யார், இதில் எதைச் செய்ய வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். அது எழுதப்படாத இடத்தில் 4 என்ற மார்க் ஐந்து வருடம் கோப்பில் அப்படியே இருக்கும்.

பொதுமக்கள் எதைக் கவனிக்கலாம்?

பாலத்தின் உறுதியைப் பார்வையாலேயே யாரும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் சில அறிகுறிகள் தெரிந்தால் நெடுஞ்சாலைத் துறைக்கோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கோ படத்துடன், தேதி போட்டு எழுத்து மூலம் தெரிவிப்பது நல்லது:

• எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டில் இடைவெளி திடீரென அகலமாவது, அல்லது அதன் இரு பக்கமும் மேடு பள்ளமாக ஆவது
• கைப்பிடிச் சுவரோ தளமோ நேர்கோட்டிலிருந்து தொய்ந்து தெரிவது
• கான்கிரீட் பெயர்ந்து கம்பி வெளியே தெரிவது, அடிப்பக்கத்தில் துருக்கறை வழிவது
• வெள்ளத்துக்குப் பிறகு தூணைச் சுற்றி மண் போய் அடித்தளம் வெளியே தெரிவது
• மழை நின்ற பிறகும் பாலத்தின் மேல் தண்ணீர் தேங்கி நிற்பது

பாலத்தில் லாரி போகும்போது லேசான அதிர்வு இருப்பது இயல்பு. நேற்று இல்லாத அதிர்வு இன்று இருந்தால் மட்டும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கம்பீராவுக்குப் பிறகு குஜராத்தில் மற்ற பாலங்களிலும் ஆய்வுகள் முடுக்கிவிடப்பட்டு, சில மூடப்பட்டன. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் இது நடக்கிறது. மோசம் என்று தெரியவந்த பாலங்களில் எத்தனை, அடுத்த மழைக்காலத்துக்குள் சரிசெய்யப்பட்டன அல்லது மூடப்பட்டன? ஆய்வு உண்மையிலேயே பலன் தந்ததா என்பதை அந்த எண்ணிக்கைதான் சொல்லும்.